தோளில் எழுதிய பெயர்

திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தைத் தாண்டியதும் கிருஷ்ணராய மண்டபம் வரும். பின்னால் வரும் கூட்டம் முதுகில் கை வைத்துத் தள்ளும் இடம் அது. நின்று பார்க்க வாய்ப்பது அரிது. அங்கே கிருஷ்ணதேவராயரும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு தேவியரும் செப்புச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராயர் உயிரோடு இருந்தபோதே வைக்கப்பட்ட சிலைகள். வார்த்த சிற்பி அரசரை நேரில் பார்த்திருக்கக்கூடும். ஆனாலும் சிலைகளின் தோளில் அவரவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். விஜயநகரப் பேரரசனின் முகமே ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஒரு ஆளின் முகம்தான் என்று அன்றைக்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மண்டையோட்டிலிருந்து முகத்தை மீட்டெடுக்கும் தடயவியல் வேலையைப் பற்றி யோசிக்க இந்த மண்டபம் நல்ல இடம். செத்துப்போன ஒருவரின் எலும்பின் மேல் களிமண்ணை அப்பி, அல்லது கணினித் திரையில் சதையைப் படரவிட்டு, 'இவர் இப்படித்தான் இருந்தார்' என்று காட்டுகிறார்கள். அப்படி வந்த முகம் அவருடையதா? முகம் திரும்ப வந்தால் ஆள் திரும்பியதாக ஆகுமா? எரித்துக் கரைத்துவிட வேண்டிய ஒன்றைத் தோண்டியெடுத்து முகம் வைப்பது தகுமா? கேள்விகள் பழையவை. இந்தப் பக்கத்து மண்ணில் அவற்றுக்குப் பதில்களும் பழையவையே.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து அதன் நகல் ஒன்றை உருவாக்குவார்கள். நெற்றி, மூக்கின் அடி, கன்ன எலும்பு, தாடை முனை என்று குறிப்பிட்ட புள்ளிகளில் சிறு முளைகளை நடுவார்கள். அந்த இடத்தில் எலும்புக்கு மேல் சதை எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்ற சராசரிதான் ஒவ்வொரு முளையின் உயரம். ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த வட்டாரத்து மக்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். பிறகு மெல்லும் தசை, கன்னத் தசை, உதட்டைச் சுற்றிய தசை என ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் தோலைப் போர்த்துவார்கள். 1895இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்று அறிஞர், சடலங்களின் முகத்தில் ஊசி செருகிச் சதையின் கனத்தை அளந்தார். இசைமேதை பாக்குடையது என்று கருதப்பட்ட மண்டையோட்டுக்கு அந்த அளவுகளின்படி ஒரு சிற்பி முகம் வடித்தார். ரஷ்யாவின் மிகயீல் கெராசிமோவ், 1941இல் சமர்கந்தில் தைமூரின் கல்லறை திறக்கப்பட்டபோது உடனிருந்து, பின்னர் அவருக்கு முகம் கொடுத்தார்.

எலும்பு நிறையவே பேசும். கண்குழி, விழி உட்கார்ந்த இடத்தைச் சொல்லும். மூக்குத் துவாரத்தின் அகலம் மூக்கின் அகலத்தைச் சொல்லும். பல்வரிசை வாயின் அளவைச் சொல்லும். ஆனால் நம் ஊரில் காணாமல்போன ஒருவரைப் பற்றிக் காவல் நிலையத்தில் என்ன சொல்வோம்? "மாநிறம், சுருட்டை முடி, காதில் கடுக்கன், உதட்டுக்கு மேலே மச்சம், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு." இதில் ஒன்றைக்கூட எலும்பு சொல்லாது. எலும்பில் மரபணு மிஞ்சியிருந்தால் நிறத்தைப் பற்றி ஏதோ ஊகிக்கலாம். மச்சத்தையும் கடுக்கனையும் அதுவும் தராது.

இதை நன்றாக அறிந்த ஒருவர், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் லங்காஸ்டரில் மருத்துவம் பார்த்த பக் ரக்ஸ்டன். 1935இல் அவர் தன் மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைக் கூறு போட்டு ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஓடையில் வீசினார். முகத்திலிருந்து கண், காது, மூக்கு, உதடு எல்லாவற்றையும் அறுத்தெடுத்திருந்தார். எலும்பு எதைச் சொல்லாதோ அதையெல்லாம் அழித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மண்டையோட்டை மட்டும் விட்டுவிட்டார். ஆய்வாளர்கள் மனைவியின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தார்கள். அதில் அந்த அம்மாள் தலையில் ஒரு மணிமுடி அணிந்திருந்தார். நிஜ மணிமுடியைத் தேடிப்பிடித்து அளந்து, அதைக் கொண்டு படத்தைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கி, மண்டையோட்டின் படத்தின் மேல் பொருத்தினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ரக்ஸ்டனை 1936இல் தூக்கிலிட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ரக்ஸ்டன் வழக்கில் நடந்தது முகத்தை உருவாக்குவது அல்ல. ஏற்கெனவே இருக்கும் படத்தை மண்டையோட்டின் மேல் வைத்துப் பார்ப்பது. இதற்குப் பெயர் சூப்பர் இம்போசிஷன். 'இது இன்னாராக இருக்கலாம்' என்று சந்தேகம் இருந்தால்தான் இது உதவும். யாரென்றே துப்பு இல்லாதபோதுதான் களிமண் முகம் தேவைப்படுகிறது. இந்திய நீதிமன்றங்கள் அதிகம் பார்த்தது சூப்பர் இம்போசிஷனைத்தான். உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே ராம் லோசன் வழக்கில் இத்தகைய படத்தைச் சாட்சியமாக ஏற்றது. சென்னையில் இந்த முறையைச் செம்மைப்படுத்தியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். 1971இல் அமெரிக்கக் குற்றவியல் இதழ் ஒன்றில் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியானது. பின்னாளில் ராஜீவ் காந்தி கொலை விசாரணையால் நாடறிந்தவர் ஆனார்.

திருமலைக்குத் திரும்புவோம். முகம் என்பது எவ்வளவு எளிதில் கழன்றுவிடக்கூடியது என்பதை முடி காணிக்கை கொடுக்கும் கல்யாணகட்டாவில் பார்த்தால் போதும். உள்ளே போகும்போது ஒரு ஆள். மொட்டையோடு வெளியே வரும்போது வேறு ஆள். அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்து இடுப்புக் குழந்தை மிரண்டு அழுவது அங்கே அன்றாடக் காட்சி. எலும்பு மாறவில்லை, சதை மாறவில்லை, முடி மட்டும் போயிருக்கிறது. அழகையும் அடையாளத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் காணிக்கை என்பது பக்தர்களுக்குத் தெரியும்.

உள்ளே இருக்கும் பெருமாளின் முகத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பச்சைக் கற்பூரத்தால் சாற்றிய அகலமான நாமம் கண்களைப் பெரும்பாலும் மறைத்திருக்கும். வியாழக்கிழமை அதைக் குறுக்கிச் சாற்றும்போதுதான் நேத்திர தரிசனம். அந்தக் கண்களைக் காணாதவர்களே அதிகம். ஆனாலும் நாட்காட்டியிலோ லாரியின் முகப்பிலோ நாமத்தை மட்டும் வரைந்து வைத்தால் யாரென்று கேட்பவர் கிடையாது. முகத்தை அல்ல, முகத்தின் மேல் சாற்றியதைத்தான் கோடிப் பேர் அடையாளம் காண்கிறார்கள்.

இனி, எலும்பைத் தோண்டலாமா என்ற கேள்வி. "கட்டை வேக வேண்டும்" என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் கடைசி ஆசை. வடக்கே சிதையில் மண்டையோட்டைக் கழியால் தட்டி உடைக்கும் கபாலக் கிரியை உண்டு. சந்நியாசிகளைச் சமாதி வைக்கையில் தலையில் தேங்காய் உடைக்கும் கபால மோட்சம் தெற்கேயும் உண்டு. உயிர் உச்சி வழியே போக வழிவிடுவது என்பார்கள். தடயவியலார் முழுசாக வேண்டும் என்று தவிக்கும் எலும்பை மதம் உடைத்துவிடச் சொல்கிறது. பார்த்தால் நேர் எதிராகத் தெரியும்.

ஆனால் உடலே கிடைக்காதபோது மதம் என்ன செய்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. வெளியூர் போனவர் வருவதே இல்லை. செத்தாரா இருக்கிறாரா தெரியாது. தர்மசாஸ்திர நூல்கள் பல 12 ஆண்டு காத்திருக்கச் சொல்கின்றன. (நம் சாட்சியச் சட்டம் 7 ஆண்டோடு விட்டுவிடுகிறது.) அதன் பிறகு ஒரு உடலைச் செய்து எரிக்க வேண்டும். கருட புராணம் வழி சொல்கிறது: புரசங் காம்புகள் 360, தலைக்கு ஒரு தேங்காய். மனித உடலில் 360 எலும்பு என்பது சரகர் காலத்துக் கணக்கு. ஆக, இதுவும் ஒரு மறு உருவாக்கம்தான். லைப்சிக்கிலும் ரஷ்யாவிலும் செய்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஆட்கள் ஆற்றங்கரையில் எலும்புக்கூடு செய்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அந்தப் பொம்மைக்கு இறந்தவரின் சாயல் தேவையில்லை. பெயரும் கோத்திரமும் சொன்னால் போதும், அது அவர்.

இதற்கு ஒரு சுவையான பின்கதையும் அதே நூல்களில் உண்டு. எரித்துக் காரியமெல்லாம் முடித்த பிறகு ஆள் திரும்பி வந்துவிட்டால்? அதே மூக்கு, அதே முழி, வாசலில் நிற்கிறார். ஊரே அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனாலும் சாஸ்திரம் அவரை ஏற்பதில்லை. நெய்யில் முக்கியெடுத்து, நீராட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்வது போல ஜாதகர்மத்திலிருந்து தொடங்கி, பூணூல் போட்டு, தன் மனைவியையே மறுபடி மணம் செய்துகொண்டால்தான் அவர் அவராகிறார். பண்டைக் கிரேக்கரிடமும் இதே போன்ற வழக்கம் இருந்ததாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். முகம் இருக்கிறது, பெயர் போய்விட்டது. ஆகவே ஆள் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மதம் தன் நிலையைச் சொல்லிவிட முடியாது.

முகத்தையே உதறிய ஒருவரும் இந்தப் பக்கத்தில் உண்டு. சித்தூர் மாவட்டத்தோடு 1960 வரை சேர்ந்திருந்த திருத்தணி வட்டாரத்தில்தான் திருவாலங்காடு இருக்கிறது. காரைக்கால் அம்மையார் அடைக்கலமான ஊர். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று சதையை உதறி எலும்புருவம் பெற்றவர் அவர். வழியில் கண்டவர்கள் பேயென்று அஞ்சி ஓடினார்கள். கயிலையில் சிவன் ஒருவர்தான் அம்மையே என்றழைத்தார். சோழர் காலச் சிற்பிகளுக்கு இவர் ஒரு சவால். சதையே இல்லாத முகத்தைச் செம்பில் செய்ய வேண்டும், அதைப் பார்த்ததும் யாரென்று தெரியவும் வேண்டும். துருத்திய கன்ன எலும்பும் கையில் தாளமுமாக அந்தச் சிலைகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்கள் வரை போய்விட்டன. முகத்தை நீக்கிய பிறகும் ஆள் மிஞ்சுகிறார் என்று சொல்ல வந்த கலை அது.

இன்னொரு எடுத்துக்காட்டு வைணவத்தில். திருமலையின் வழிபாட்டு ஒழுங்குகளோடு சேர்த்துப் பேசப்படும் ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றிக் காத்துவரும் 'தானான திருமேனி', அவருடைய உடலே என்பது நம்பிக்கை. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது 'தானுகந்த திருமேனி'. அவரே பார்த்துத் தழுவி ஒப்புக்கொண்ட உருவம். மேல்கோட்டையில் இருப்பது 'தமருகந்த திருமேனி'. பிரிய மனமில்லாத சீடர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது.

தடயவியல் மேசைக்கும் இந்தப் பகுப்பு அப்படியே பொருந்துகிறது. மண்டையோடு தானானது. ஸ்டூடியோவில் தலைவாரி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம், தானுகந்தது. களிமண் முகம் தமருகந்தது. இருப்பவர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்டது. மூன்றும் மதிப்புள்ளவை, ஆனால் ஒன்றாகிவிடாது. மேல்கோட்டைச் சிலையை யாரும் ஸ்ரீரங்கத்துத் திருமேனி என்று சொல்வதில்லை. இந்த நிதானம் மண்டையோட்டு முகங்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இருந்தால் நல்லது.

ஏனென்றால் அந்த நிதானம் பல நேரம் இருப்பதில்லை. 2001இல் பிபிசி தொலைக்காட்சிக்காக ரிச்சர்ட் நீவ், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூத ஆண் ஒருவரின் மண்டையோட்டை வைத்து ஒரு முகம் செய்தார். அக்காலத்து ஆண் எப்படி இருந்திருப்பார் என்பதுதான் அதன் பொருள். உலகம் அதை இயேசுவின் முகம் என்றே பரப்பியது. 2019இல் ராகிகடியின் 4500 ஆண்டுப் பழைய கல்லறைகளில் கிடைத்த இருவருக்கு வசந்த் ஷிண்டே முதலிய ஆய்வாளர்கள் முகம் கொடுத்தார்கள். 2025இல் கீழடியை அடுத்த கொந்தகையின் இரண்டு மண்டையோடுகளுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முயற்சியில், லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் உருவம் தந்தது. படம் வெளியான அன்றே தமிழ்ச் சமூக ஊடகம் முழுக்க 'நம் பாட்டன் முகம்'. பார்த்துச் சிலிர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. முதுமக்கள் தாழிக்குள் இருந்தது ஓடு அல்ல, ஒரு ஆள் என்று நினைக்க வைத்ததே பெரிய காரியம். ஆனால் அந்த முகம் போய்ச் சேர வேண்டிய பெயர் எதுவும் இல்லை. அவரைத் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடில்லை. அது சரியா என்று சொல்ல யாராலும் ஆகாது. சரிபார்க்க முடியாத முகத்தின் மேல் ஒவ்வொருவரும் தத்தம் சண்டையை ஏற்றிவைக்கிறார்கள். தோலின் நிறத்தையும் முடியையும் வைத்து அங்கே வாதம் செய்வது, எலும்பு சொல்லாததை வைத்து வாதம் செய்வது.

புதிதாகச் செத்தவரின் கதை வேறு. 2001 அக்டோபர் கடைசியில் கொடைக்கானல் பெருமாள்மலைப் பக்கம் டைகர் சோலைக் காட்டில் ஒரு ஆணின் சடலத்தை வனத்துறையினர் பார்த்தார்கள். யாரென்று தெரியவில்லை. பிரேதப் பரிசோதனை முடித்துப் புதைத்துவிட்டார்கள். பின்னர் சென்னையில் நடந்த விசாரணை அந்தக் குழிக்கு வந்து சேர்ந்தது. தோண்டியெடுத்து, மண்டையோட்டைப் புகைப்படத்தோடு சூப்பர் இம்போசிஷன் செய்தார்கள். சரவண பவன் உரிமையாளர் ராஜகோபால் தண்டனை பெற்ற வழக்கு அது. ஜோதிடர் பேச்சைக் கேட்டு, ஏற்கெனவே மணமான ஒரு பெண்ணை மூன்றாம் மனைவியாக்கிக்கொள்ள நினைத்ததில் தொடங்கியது என்று அப்போது பேசப்பட்டது. டி.என்.ஏ. சோதனை செய்யவில்லையே, அந்த உடல் அந்தப் பெண்ணின் கணவருடையதுதான் என்பதற்கு என்ன உறுதி என்று எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றம் வரை கேட்டது. 2019 மார்ச் 29 அன்று தீர்ப்பு வந்தது. சூப்பர் இம்போசிஷன் ஏற்கத்தக்க கருத்துச் சான்றுதான். ஆனால் பிழையே வராத முறை அல்ல, அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. இந்த வழக்கில் மற்ற சாட்சியங்களோடு சேர்ந்து நிற்கிறது என்றது நீதிமன்றம். ஆயுள் தண்டனை உறுதியானது.

நீதிபதிகள் சொன்னதும் சாஸ்திரக்காரர்கள் சொன்னதும் வெகு தூரத்தில் இல்லை. முகம் ஆள் அல்ல. ஆளிடம் போகும் வழி. மண்டையோட்டில் வடித்த முகத்தைச் செய்தித்தாளில் போடுவது, பார்க்கும் லட்சம் பேரில் ஒருவருக்கு 'எங்க வீட்டு ஆள் மாதிரி இருக்கே' என்று தோன்றட்டும் என்பதற்காக. அவர் வந்த பிறகு பல்லையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். பெயர் கிடைத்ததும் களிமண் முகத்தின் வேலை முடிந்தது. அதன் பிறகுதான் கருமாதி, எள்ளும் தண்ணீரும், சொத்துக்கு வாரிசுச் சான்று, மனைவி பூ வைப்பதா வேண்டாமா என்ற ஊர்ப்பேச்சு எல்லாமே. 12 ஆண்டு காத்திருந்து புரசங் காம்பை எரிக்க வேண்டிய வீட்டுக்கு எலும்பையே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மதத்துக்கு விரோதம் என்று சொல்வது பொருந்தாது. மதம் கேட்கும் பெயரைத்தான் தடயவியல் தேடித் தருகிறது. எலும்பைத் தோண்டுவது பாவம் என்றால், பெயர் தெரியாமல் புதைத்து வைப்பது அதைவிடப் பெரிய பாவம்.

திருப்பதி போன்ற யாத்திரை ஊர்களில் இது வெறும் தத்துவம் அல்ல. ஒரு நாளைக்கு 60 ஆயிரம் பேருக்கு மேல் வந்து போகும் மலை அது. வீட்டை விட்டுக் கிளம்பியவர்களும், மனம் பேதலித்தவர்களும், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்களும் பெருமாளே கதி என்று வந்து சேரும் இடம். அவர்களில் சிலர் அங்கேயே சாகிறார்கள். பக்கத்துச் சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் சித்தூர்ச் சுவரில் தெலுங்கில் ஒட்டிய 'அடையாளம் தெரியாத சடலம்' அறிவிப்பை வேலூரில் தேடிக்கொண்டிருக்கும் மகனால் படிக்க முடியாது. எல்லையோர மாவட்டங்களில் இந்த அறிவிப்புகள் இரண்டு மொழியிலும் வர வேண்டும். பெயர் தெரியாத உடலை எரிக்காமல், எண் இட்ட குழியில் புதைக்க வேண்டும். அதற்கு முன் பல் வரைபடமும் மரபணு மாதிரியும் எடுத்து வைக்க வேண்டும். கொடைக்கானலில் எரித்திருந்தால் மண்டையோட்டுச் சான்று என்ற ஒன்றே அந்த வழக்கில் இருந்திருக்காது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மண்டையோட்டையும் புகைப்படத்தையும் ஒப்பிடுவோருக்கு மிகவும் உதவுவது பற்கள் தெரியும் படம். வாயை இறுக மூடி விறைப்பாக எடுத்த ஆதார் படம் அதற்கு அவ்வளவாகப் பயன்படாது. வயதான அப்பா அம்மாவைப் பல் தெரியச் சிரிக்க வைத்து, நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.